நல்ல இடத்தை மூடு

வண்டிகளுக்கு வண்ணம் அடிக்கிற வேலையில் அடிக்க வேண்டிய இடத்தைப் பார்ப்பது இரண்டாவது பாடம்தான். முதல் பாடம், அடிக்கக் கூடாத இடத்தை மூடுவது. கதவில் ஒரு கீறல் விழுந்திருந்தால் கீறலைத் தவிர மற்றதையெல்லாம் காகிதம் வைத்து, ஓரத்துக்கு டேப் ஒட்டி மறைத்துவிட வேண்டும். கண்ணாடி, கைப்பிடி, விளக்கு எதன் மேலும் ஒரு துளி தெறிக்கக் கூடாது. இந்தப் பாடத்தைக் கரைத்துக் குடித்தவன் ஒருவன் அந்தப் பட்டறையில் இருந்தான். மற்றவர்கள் வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போன பிறகும் இவன் டேப்பின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருப்பான். அதனால் அவனுக்கு டேப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் அவன் மாமியாருக்கு மட்டும்தான் நினைவிருந்தது, அதுவும் கோபம் வந்தால்.

டேப்புவின் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். குளத்துக்கு வருகிற குழந்தைகள் அவளை மீன் டீச்சர் என்பார்கள். நாமும் டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம், டேப்புவும் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து டீச்சரின் காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. சோப்பு காய்ந்திருக்கிறது என்று நினைத்தார்கள். அது கழுத்துக்கு இறங்கி, தோளுக்குப் பரவி, நடு முதுகு வரைக்கும் பெரிய திட்டாக வந்து நின்றது. வெண்புள்ளி. வலிக்காது, யாருக்கும் தொற்றாது, உயிருக்கு ஒன்றும் ஆகாது. தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் அங்கே வேலையை நிறுத்திவிடுகின்றன, அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் பார்க்கிறவர்கள் கண்ணில் இருக்கிற கோளாறு.

அந்தக் கோளாறு ஒரு நாள் குளத்துக்கே வந்தது. ஒரு குழந்தையின் அம்மா மேலாளரிடம் போய், "அந்தத் தண்ணியிலதானே என் பொண்ணும் முங்குது?" என்று கேட்டாள். மேலாளர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் செய்கிற அநியாயத்தைத்தான் தாங்க முடிவதில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொஞ்ச நாள் மேல ஆபீஸ்ல உக்காருங்க டீச்சர். சரியானதும் நீங்க பாட்டுக்கு எறங்கலாம்" என்றார். டீச்சர் மாடியேறினாள். கொஞ்ச நாள் இரண்டு வருஷமாகிவிட்டது. மாடி அறையின் ஜன்னலைத் திறந்தால் கீழே தண்ணீர் முழுசாகத் தெரியும். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வீட்டிலும் அப்படித்தான். கழுத்து மூடிய சட்டை, எந்த வெயிலிலும் அவிழ்த்துவிட்ட தலைமுடி. களிம்புகள் பூசிப் பார்த்தாள், பத்தியம் இருந்து பார்த்தாள், சொந்தக்காரர்கள் சொன்ன கசப்பையெல்லாம் முகம் சுளிக்காமல் குடித்தாள். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்து ஏமாந்து, கடைசியில் பார்ப்பதையே விட்டுவிட்டாள். புருஷனுக்கும் காட்டுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் உடை மாற்றுவாள். அவனும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் புண்படுவாளோ என்று இவனுக்கு ஒரு தயக்கம். அருவருப்பில்தான் கேட்காமல் இருக்கிறான் என்று அவளுக்கு ஒரு நிச்சயம். இப்படியும் ஒரு குடும்பம் சண்டை சச்சரவில்லாமல் நடக்கும்.

ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாதான் விளக்கைப் பற்றிச் சொன்னாள். சூரிய வெளிச்சத்தில் இருக்கிற ஒரு சின்னப் பங்கை மட்டும் பிரித்துக் கொடுக்கிற விளக்கு. வாரத்தில் சில நாள், சில விநாடி. வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்தவை கொஞ்சம், கேட்டவர்கள் நிறைய.

"பலன் தெரியுற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்" என்றாள் டாக்டரம்மா. "பலன் இல்லேன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடணும். அவங்களும் உங்கள மாதிரி காத்துக்கிட்டிருக்காங்க இல்லையா?"

நர்ஸம்மா டேப்புவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினாள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். நேரத்தைச் சொன்னபடிதான் ஏற்ற வேண்டும். "இன்னொன்னு சார். வெள்ளையா இருக்கற எடத்துல மட்டும்தான் வெளிச்சம் படணும். சுத்தி இருக்கற நல்ல தோல வெளிச்சத்தத் தடுக்கற இந்தக் களிம்பத் தடவி மூடிடுங்க."

டேப்புவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்த இத்தனை காலத்தில் முதல் தடவையாக ஒருவர் அவனுடைய பாஷையில் பேசுகிறார். "அத எங்கிட்ட விட்ருங்கம்மா" என்றான். அந்த நர்ஸம்மா அன்றைக்கு அவனிடம் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசியிருக்கலாம்.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து, குளித்து, கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் விளக்கைத் தொடுவான். டீச்சர் குப்புறப் படுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முடியை உச்சிக்குத் தூக்கிக் கிளிப் போட்டுக்கொள்வாள். முதல் நாள் சட்டையைத் தளர்த்தும் முன் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். அவன் அதைப் பார்க்காத மாதிரி விளக்கின் ஒயரைச் சரிசெய்தான். பிறகு திட்டின் ஓரமாகக் களிம்பை இழுத்தான். எல்லைக்கோடு பிசிறில்லாமல் வந்தது. விளக்கைப் போட்டதும் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு வெளிச்சம் அவள் முதுகில் விழுந்தது. சத்தமில்லை, சூடில்லை. சில விநாடியில் அணைந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் டீச்சர்.

"அவ்வளவுதான்."

"உங்களுக்கு ஒரு பம்பருக்கு டேப் ஒட்டவே அரை நாள் ஆகும். இது உங்களுக்கு ஏமாத்தமா இருக்குமே."

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் செய்த கேலி அது. அவனுக்கு அதுவே பாதி பலன் வந்த மாதிரி இருந்தது.

வாரங்கள் போயின. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பட்டறைக்கு ஒரு பழைய வேன் வந்து, அதற்குப் பழுப்பு நிறம் அடித்த அன்று சாயங்காலம், டேப்பு களிம்பைக் கையில் எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். திட்டின் நடுவில், தோள்பட்டைக்குப் பக்கத்தில், பழுப்பாக ஒரு துளி. கையை எவ்வளவு கழுவியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த பெயின்ட் தெறித்துவிட்டது என்று அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டைவிரலால் தேய்த்தான். போகவில்லை. எண்ணெய் தொட்டுத் தேய்த்தான். போகவில்லை.

"ஏங்க, தோலு உரிஞ்சுறப் போகுது! என்ன பண்றீங்க?"

"இரு இரு, பெயின்டு பட்டிருச்சு."

மேஜை விளக்கைக் கிட்டே இழுத்துவைத்து, குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் பார்த்தான். துளியின் நட்ட நடுவில் ஒரு மெல்லிய முடி நின்றது. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு துளி, அதன் நடுவிலும் ஒரு முடி. அந்தப் பக்கம் ஒன்று. கீழே ஒன்று. ஒவ்வொரு முடியின் காலடியிலும் கடுகைவிடச் சின்னதாக நிறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எந்த டப்பாவிலிருந்தும் எடுத்தது இல்லை. யாரும் கலக்கியது இல்லை. அவளுடைய தோலின் நிறம், அச்சு அசலாக அவளுடைய நிறம், உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. ஆயிரம் வண்டிக்கு நிறம் பொருத்திய டேப்புவுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"டீச்சர்" என்றான். "இது பெயின்டு இல்ல."

கண்ணாடி கொண்டுவந்து காட்டுகிறேன் என்று அவன் சொன்னதற்கு அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எத்தன தடவ பாத்து ஏமாந்திருக்கேன். நீங்க பாத்தீங்கல்ல, போதும்" என்றாள். அவள் குரலில் நம்பிக்கை எட்டிப் பார்த்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டதை அவன் கேட்டான்.

அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா துளிகளைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள். வெள்ளையான இடத்திலும் முடியின் வேருக்குள் நிறத்தின் விதை கொஞ்சம் ஒளிந்திருக்கும் என்றும், வெளிச்சம் அதைக் கூப்பிட்டு வெளியே கொண்டுவருகிறது என்றும் சொன்னாள். படம் எடுத்துவைத்துக்கொண்டாள். டேப்புவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் தன் முன்கையில் இருந்த முடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். இத்தனை நாளும் இதன் அடியில் இப்படி ஒரு கிடங்கு இருப்பது தெரியாமலே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோமே என்று இருந்தது.

அன்று சாயங்காலம் களிம்பை எடுத்தபோதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல தோலை மூடு என்றார்கள். இந்தத் துளிகள் இப்போது என்ன தோல்? நல்ல தோல்தானே! நேற்றுப் பிறந்த பச்சைக் குழந்தைகள். இவற்றின் மேல் போய் அந்த வெளிச்சத்தை விடலாமா? டேப்பு அலமாரியிலிருந்து ஒரு புதுத் தூரிகையை எடுத்தான். ஊசி நுனி அளவு கீறலை மறைக்கிற மிக மெல்லிய தூரிகை. அதன் நுனியில் களிம்பைத் தொட்டு ஒவ்வொரு துளிக்கும் ஒரு பொட்டு வைத்து மூடினான். ஓரம் பிசகாமல், வெள்ளையில் வழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான். விளக்கை அணைத்த பிறகு ஈரப்பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். தூரிகை பட்டு டீச்சருக்குக் கூச்சமெடுக்கும், நெளிவாள். "அசையாத" என்பான். என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. எந்த வண்டியிடமும் உனக்கு டேப் ஒட்டுகிறேன் என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

துளிகள் வளரவில்லை. அவன் இன்னும் கவனமாக மூடினான். அப்போதும் வளரவில்லை. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். எந்தத் துளி எங்கே இருக்கிறது என்பது கண்ணை மூடினாலும் தெரிகிற அளவுக்கு மனப்பாடமாகிவிட்டது. "எப்படி இருக்கு?" என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம் "இருக்கு, இருக்கு" என்று பூசி மெழுகினான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா பழைய படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, முதுகைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், திரும்பவும் முதுகைப் பார்த்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"அப்படியே நிக்குதே. ஒரு துளிகூட நகரல. சில பேருக்கு இப்படி ஆகும், ஆரம்பிச்சுட்டு நின்னுடும்." திரையில் இருந்த படத்தை மூடினாள். "விளக்க நீங்க திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கும்மா. மன்னிச்சுக்கங்க."

குப்புறப் படுத்திருந்த டீச்சர் கட்டிலின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக எந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாளோ அந்த ஜன்னல் டேப்புவின் கண்முன்னால் வந்தது.

"நாங்க ஒரு நாள்கூட விட்டதில்லம்மா. சொன்னபடிதான் செய்யறேன். வேணும்னா இப்பவே செஞ்சு காட்டறேன்" என்று கெஞ்சினான்.

"காட்டட்டுமே டாக்டர்" என்றாள் நர்ஸம்மா. கையோடு கொண்டுவந்திருந்த விளக்கையும் களிம்பையும் அவளே எடுத்துக்கொடுத்தாள்.

டேப்பு சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்தான். திட்டைச் சுற்றி எல்லையை இழுத்தான். நர்ஸம்மா மெச்சுகிற மாதிரி தலையாட்டினாள். பிறகு அவன் குனிந்து, மூச்சைப் பிடித்து, முதல் துளிக்குப் பொட்டு வைத்தான். அடுத்த துளி. அதற்கடுத்தது. டாக்டரம்மாவும் நர்ஸம்மாவும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். அவன் கை தேடவில்லை, தடுமாறவில்லை, துளி இருக்கிற இடம் தானாகத் தெரிந்து போய்ப் போய் நின்றது. முதுகு முழுக்க முடித்துவிட்டு நிமிர்ந்து பெருமையாகப் பார்த்தவன், அவர்கள் முகத்தைக் கண்டு பயந்துபோனான்.

"தினமும் இப்படியா?" டாக்டரம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"வெளிச்சம் வைக்கற அன்னைக்கெல்லாம். நல்ல தோல மூடச் சொன்னீங்களே."

டாக்டரம்மா டீச்சரின் கழுத்துக்கு மேலே, முடி தொடங்குகிற இடத்தில் இரண்டு விரலால் குட்டை முடிகளை விலக்கினாள். "இங்க வந்து பாருங்க சார்."

அந்த இடத்தில் தூரிகை நுழையாது. முடிக்குள் களிம்பு ஒட்டிக்கொள்ளும் என்று அவன் அதை மட்டும் விட்டுவிட்டிருந்தான். அங்கே துளிகள் இல்லை. துளிகள் வளர்ந்து, விரிந்து, ஒன்றையொன்று தொட்டு, ஒரு விரல் அகலத்துக்கு நிறம் முழுசாக மூடியிருந்தது. வெள்ளை இருந்த சுவடே தெரியவில்லை. எங்கே அவன் கை படவில்லையோ அங்கே வந்திருந்தது.

"இது அழுக்கு ஒட்டாம காப்பாத்தற பொருள் இல்ல சார், வெளிச்சத்தக் குடிச்சு வளர்ற பொருள்" என்றாள் டாக்டரம்மா. "நீங்க மூடி மூடி அதுக்குச் சாப்பாடு போடாம வச்சிட்டீங்க. ஆனா சத்தியமாச் சொல்றேன், இத்தன வருஷத்துல இப்படி ஒருத்தர் இவ்வளவு..." வாக்கியத்தை முடிக்காமல் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "விளக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தத் தூரிகைய மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போங்க."

டேப்புவின் முகத்தில் ஈயாடவில்லை. "நானே கெடுத்துட்டேன்" என்று முணுமுணுத்தான். "டீச்சர், நானே கெடுத்துட்டேன்."

டீச்சர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை மட்டும் திருப்பினாள். "ஒவ்வொன்னுக்குமா வச்சீங்க?"

"ம்."

"தனித்தனியா?"

"கலந்துரக் கூடாதுன்னு..."

"நர்ஸம்மா" என்றாள் டீச்சர். "மொகம் பாக்கற கண்ணாடி ரெண்டு கெடைக்குமா?"

ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் பிடித்தார்கள். தன் முதுகை அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. களிம்புப் பொட்டுகள் இன்னும் துடைக்கப்படாமல் இருந்தன. தோளிலிருந்து நடு முதுகு வரை, நூற்றுக்கணக்கில், ஒன்றுகூடக் கோணாமல், ஒவ்வொன்றும் தன் துளியின் அளவுக்கு அளவாக. தன் உடம்பில் யாராலும் பார்க்க முடியாது என்று அவள் முடிவுகட்டி வைத்திருந்த இடம் அது. அதை ஒரு மனிதன் இத்தனை மாசமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறான். டீச்சர் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அட என் டேப்பே" என்றாள். நர்ஸம்மா திரும்பி நின்று பஞ்சைத் தேடுகிற மாதிரி பாவனை செய்தாள்.

வெளியே வந்ததும் அவன் வீட்டுப் பக்கம் திரும்பினான். அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள்.

"எங்க போற?"

"குளத்துக்கு."

"இன்னைக்கு லீவு சொல்லிட்டியே."

"வேலைக்கு யார் போறா? குளிக்கப் போறேன். நீச்சல் துணி மேல ஆபீஸ் அலமாரியில இருக்கு."

அது குழந்தைகள் கற்றுக்கொள்கிற நேரம். டீச்சர் முடியை அள்ளித் தொப்பிக்குள் சொருகிக்கொண்டு, கழுத்தும் தோளும் முதுகும் தெரிய வெளியே வந்தாள். மேலாளர் ஓடிவந்தார். "டீச்சர்... இன்னும் முழுசாச் சரியாகலையே?"

"ஆகல சார். அதுக்கு நாளாகும். அதுவரைக்கும் தண்ணி சும்மாதானே கெடக்குது?"

மேலாளர் ஒதுங்கி வழிவிட்டார். யாரோ ஒரு வாண்டு "மீன் டீச்சர்!" என்று கூவினாள். இன்னொருத்தியும் கூவினாள். ஓர் அம்மா மட்டும் தன் பெண்ணை விறுவிறுவென்று தண்ணீரிலிருந்து தூக்கித் துண்டால் சுற்றினாள். டீச்சர் அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையை உயர்த்திக் குதித்தாள்.

டேப்பு பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் நீந்தி அவன் இதுவரை பார்த்ததில்லை. அவள் குளத்தில் இருக்கும் நேரமெல்லாம் இவன் பட்டறையில் இருப்பான், பார்க்க வேண்டுமென்று தோன்றியதும் இல்லை. அந்த முதுகைத் தன்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை என்று நினைத்திருந்தான். இப்போது அது தண்ணீருக்குள் திறந்து மூடித் திறந்தது. தோள்கள் உருண்டன, கை போன இடத்தில் தண்ணீர் வழிவிட்டது, அடுத்த மூச்சுக்குள் அவள் பாதிக் குளத்தைத் தாண்டியிருந்தாள். அவ்வளவு வேகம், அதில் அவ்வளவு நிதானம். சுவரைத் தொட்டு உடம்பைச் சுருட்டித் திரும்பினாள், திரும்பிய இடத்தில் சத்தம்கூட வரவில்லை. டேப்பு தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டான். இதுதானா, இந்த முதுகு இதற்காகத்தானா இருந்தது என்று அவன் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

துண்டால் சுற்றிய பெண்ணோடு அந்த அம்மா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, அந்தப் பொம்பளைக்கு முதுகுல வெள்ளை வெள்ளையா அது என்னது?" என்று கேட்டாள்.

டேப்பு தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கங்க?" என்றான்.